தொடாத நட்டு

படுக்கையும் அடுப்பும் வைத்த வேனுக்கு அடியில் அவர் மல்லாந்து கிடக்கிறார். சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக் கேபிளின் நட்டை முறுக்கிவிட்டு, "இழு" என்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளான மனைவி, மேலே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, லிவரை இழுத்து, எத்தனை க்ளிக் என்று எண்ணிச் சொல்ல வேண்டும்; கேபிள் இறுக இறுக க்ளிக் குறையும். "எட்டுங்க." இன்னும் முறுக்குகிறார். "ஆறு." துருத்தூள் கண்ணில் விழுகிறது. "நாலு." நாலுதான் கணக்கு, கேபிள் விறைப்பாகியிருக்கும். ஸ்பானரைக் கீழே வைக்கிறார். "எதுக்கும் இன்னொரு தடவை இழு." "மூணு." அவர் நட்டைத் தொடவே இல்லை. "திரும்ப இழும்மா." க்ளிக், க்ளிக். பிறகு மேலே அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். இவ்வளவு நேரமும் எண்ணிக்கையைக் குறைத்தது அவருடைய ஸ்பானரா, அவளுடைய கையா? "ரெண்டுலயே நின்னுடுச்சுங்க. நல்லா டைட்டாயிடுச்சு, இல்ல? நாளைக்கே கிளம்பிடலாமா?" அவர் கீழேயிருந்து குரல் கொடுக்கிறார். "ம்... கெட்டியாப் பிடிக்குது." சொல்லிவிட்டு, சத்தம் கேட்காமல், மரக்கட்டையைச் சக்கரத்தோடு இன்னும் ஒட்டித் தள்ளுகிறார்.