எட்டுக் கைகள்

அம்மனின் எட்டாவது கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. கோதண்டபாணி வாய்விட்டுச் சிரித்தார்.

"பிரமாதம் தாணுலிங்கம்! சங்கு இருக்க வேண்டிய கையில மண்ணெண்ணெய். சக்கரத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் வாளி. சூலம் எங்கே? ஓ, நைலக்ஸ் புடவைப் பொட்டலமா!"

தாணுலிங்கம் சிலையின் காலடியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது ஆகாத அவன் முகத்தில் பல நாள் தாடி இருந்தது.

சிலை, சிமெண்டும் கப்பலில் கழித்த இரும்பும் சேர்த்துச் செய்தது. பழைய செப்புத் திருமேனிகளின் வளைந்த நிலை, பாதி மூடிய கண்கள். எட்டுக் கைகளும் தோள் உயரத்தில் பலகை போல விரிந்திருந்தன. சுற்றிலும் தூத்துக்குடி உப்பளம். மாலை வெயிலில் ரோட்டில் ஒரு ஆள் இல்லை.

"வயித்தைப் பெரிசா வச்சீங்க பாருங்க, அங்கதான் அடி! தின்னு தின்னு பெருத்த வயிறு. எவ்வளவு வாங்கினாலும் அடங்காத கை. இந்தக் காலத்து மகாலட்சுமி!"

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடம் முன்பு தாணுலிங்கம் சென்னையில் வைத்த கண்காட்சியில் யட்சி பற்பசை விற்றாள், நந்தியின் முதுகில் டிரான்சிஸ்டர் பாடியது. எல்லோரும் திட்டினார்கள். கோதண்டபாணி மட்டும் புகழ்ந்து எழுதினார். இப்போது டெல்லிக் கண்காட்சிக்குச் சிற்பங்களைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

"வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டார், கேமராவை மூடிக்கொண்டே.

"வீட்ல இல்ல சார்."

"ஆடிக்கு அம்மா வீடா? அப்ப சமையல் நீங்கதான்னு சொல்லுங்க!"

தாணுலிங்கம் கடல் பக்கம் பார்த்தான்.

மறுநாள் மத்தியானம் கோதண்டபாணி லாரியோடு வந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்கள் கயிறும் கோணியுமாகக் குதித்தார்கள்.

சிலையைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். மண்ணெண்ணெய் இல்லை. வாளி இல்லை. ஒரு கையில் ரேஷன் அரிசிப் பை, இன்னொன்றில் வளையல் பெட்டி, மற்றொன்றில் புது எவர்சில்வர் குடம்.

"தினமும் மாத்துறீங்களா? ஆசை மாறுற மாதிரி! நல்ல யோசனை."

"நான் தொடுறதில்ல சார்."

"அப்புறம் யாரு மாத்துறது?"

லாரி ரிவர்ஸில் வந்து சிலையைச் சற்று நேரம் மறைத்தது. அது விலகியபோது குடத்தைக் காணோம். அந்தக் கை காலியாக நீண்டிருந்தது. உப்புக் காற்று மட்டும் வீசியது.

கோதண்டபாணி ஓர் அடி பின்வாங்கினார்.

"இசக்கியம்மன் மாதிரி இருக்காளே அண்ணாச்சி" என்றான் ஓர் ஆள். "தொட்டா காவு கேப்பாளோ?"

"ஒன்னயப் பாத்தா கேக்க மாட்டாலே. எலும்ப வச்சு என்ன செய்ய?" என்றான் மற்றவன். யாரும் சிரிக்கவில்லை.

"சார், இத எடுத்துட்டுப் போகாதீங்க" என்றான் தாணுலிங்கம்.

"ஏன்யா? டெல்லியில வச்சா உங்க பேரு எங்கேயோ போயிடும். இந்தப் பொட்டல்ல யாரு பார்ப்பா?"

"பாக்கதுக்கு வைக்கல சார்."

"கலைஞன்னா இந்தக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஏம்ப்பா, கயித்தைப் போடுங்க!"

கயிறு சிலையின் கழுத்துக்கு வந்தது. தாணுலிங்கம் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், யாருலே அது? கயித்த எடுலே!"

ரோட்டுச் சரிவிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சி. கீழே இருக்கும் தொட்டியில் தண்ணீர் குடித்த ஈரம் வாயில் இருந்தது. பின்னால் இன்னும் சில பெண்கள். ஒருத்தி இடுப்பில் அந்தப் புதுக் குடம் தளும்பியது.

கோதண்டபாணிக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"உங்க சாமானா இதெல்லாம்? சிற்பம்மா இது! இதுமேல கண்டதையும் வைக்கலாமா? எடுங்க, டெல்லிக்குப் போகணும்."

"டில்லிக்கா? அங்கன யாரு உப்புச் சொமக்கா?" என்றாள் குடம் வைத்திருந்தவள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பேச்சி சிரிக்கவில்லை. "ஏ தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? இவுககிட்ட சொல்ல வேண்டியதுதான?"

தாணுலிங்கம் கயிற்றை விடவில்லை.

"பஸ்ஸ விட்டு எறங்குனா இங்கனதான்யா எறக்கி வைக்கோம்" என்றாள் பேச்சி, கோதண்டபாணியிடம். "வெறுங்கையோட வாரவகூட ஒரு கல்லையாவது தூக்கிட்டு வந்து வச்சு எடுக்கா. நாங்க எறக்குனாத்தான அவளுக்கும் எறங்கும்?"

"எவளுக்கு?"

லாரிக்காரன் என்ஜினை அணைத்தான்.

தாணுலிங்கம் சிலையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான்.

"எம் பொஞ்சாதிக்கு சார். வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு வச்ச சுமைதாங்கி இது."