ஒரு பக்கத்து வீக்கம்

"லாவாலாவாவை அவிழ்த்தாத்தான்யா பாக்க முடியும். நான் என்ன ஜோசியனா?"

டாக்டர் ஃபெயாகாய் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். சவாயி தீவின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில், காலையிலிருந்து இது நாற்பத்தோராவது ஆள். மின்விசிறிகூட வேண்டாவெறுப்பாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பெனியாமினா இடுப்புத் துணியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான். "தொடை இடுக்குல எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கு டாக்டர். துணி மேலயே தொட்டுப் பாருங்களேன்."

"குடலிறக்கமா, யானைக்காலா, கால்ல புண் வந்து நெறி கட்டியிருக்கா... எல்லாம் துணி மேலயே தெரியும்னா நான் எதுக்குய்யா அத்தனை வருஷம் படிச்சேன்?"

"எங்கண்ணன் இந்த மாதிரி கட்டியிலதான் போனாரு. புத்துநோயான்னு மட்டும் சொல்லிடுங்க. ரெண்டு மாசமாத் தூக்கமே இல்ல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சிஸ்டர், கொஞ்சம் வெளிய இருங்க. ஐயா வெட்கப்படறாரு."

"பன்னியை ஒத்தையாத் தோள்ல தூக்கற ஆளு... வெட்கத்தைப் பாரு!" நர்ஸ் லூபே சிரித்தபடி கதவைச் சாத்தினாள்.

துணி அவிழ்ந்தது. இடது பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கறுகறுவென்று பச்சை குத்தியிருந்தது. வலது தொடை வெறுமை. அந்தத் தீவுகளில் இரண்டு தொடையும் குத்தி முடித்தவன்தான் ஆண்மகன்; பாதியில் விட்டால் ஆயுளுக்கும் அவமானம்.

பெனியாமினா தலை குனிந்தான். "இருபது வயசுல குத்திக்க உக்காந்தேன். அஞ்சு நாள் தாங்கினேன். ஆறாம் நாள் ஓடிட்டேன். அந்த அவமானத்துலதான் சொந்தத் தீவு உப்போலுவ விட்டு இங்க வந்தேன். பெண்டாட்டியைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது."

டாக்டர் கட்டியை மெல்ல அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் மட்டும்தான். நகர்ந்தது, வலியில்லை. காலில் புண்ணும் இல்லை.

"குத்தின மை உள்ள இறங்கி நெறியில தங்கியிருக்கு. எத்தனை வருஷம் கழிச்சும் வீங்கும். ஊசியால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்குவோம். புத்துநோயா இருக்காதுய்யா."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இதே மாதிரி ஒருத்தனுக்குப் புத்துநோய்னு பயந்து வெட்டி எடுத்தாங்க. உள்ள பாத்தா வெறும் மை, கரி மாதிரி. அவனும் பாதியில ஓடினவன்தான்."

"இப்ப உயிரோட இருக்காரா?"

டாக்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பெல்ட்டைத் தளர்த்திக் கால்சட்டையைச் சற்றே இறக்கினார். இடுக்கில் ஒரு பழைய தையல் தழும்பு. அதன் மேலே, பாதியில் நின்றுபோன பச்சை.

"மூணாம் நாளே ஓடிட்டேன்யா. நீ என்னைவிட மூணு நாள் பெரிய வீரன்."