உள்ளான் பார்க்க வந்தவர்கள்

இன்னும் அரை மணி நேரத்தில் கடல் தண்ணீர் உப்பங்கழிக்குள் ஏறிவிடும். அதற்குள் சுப்ரமணியனை அந்த மண்வரப்பின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று சண்முகவடிவு கணக்குப் போட்டாள்.

செம்பூருக்குக் கிழக்கே, கண்டல் மரங்களைச் சுற்றி வேலி போட்டுப் பறவைகளுக்கென்று விட்டிருந்த சின்ன இடம் அது. ஞாயிறுதோறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிற வடிவு டீச்சருக்கு, எங்கே சேறு எவ்வளவு ஆழம் என்பது அத்துப்படி. இன்று பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

முலுண்டிலிருந்து அவனையும் அவன் அம்மா மீனாட்சியம்மாளையும் கூட்டி வந்தவர் அய்யாத்துரை மாமா. பம்பாயில் அவர் காப்பி குடிக்காத தமிழ் வீடு கிடையாது. சேற்றுக் கரைக்குப் பட்டுச்சேலையில் வந்திருந்த மீனாட்சியம்மாள், வடிவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன்னய எங்கயோ பாத்திருக்கனே தாயி?"

"நீங்க எத்தனையோ பேரப் பாத்திருப்பீங்க. எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா?" என்று வடிவு சிரித்தாள்.

அவளுக்கு மறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன், அறுபதாம் வருஷம் தை மாதம், மாதுங்காவில் வடிவின் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த இதே அம்மாள் அவளை நடக்கச் சொன்னாள், எட்ட இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னாள், பாடச் சொன்னாள். இதே மகன் தலை நிமிராமல் கேசரி தின்றான். கடைசியில், "வீட்டுக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று எழுந்து போனார்கள்.

ஆபீசுக்கு நேரமானாலும் தபால்காரர் தாண்டிப் போகும்வரை அப்பா வாசலை விட்டு நகரமாட்டார். நாலு மாதம் அப்படி நின்றார். வேண்டாம் என்று ஒரு கார்டு கூட வரவில்லை.

"உள்ளான் ரொம்பப் பயந்த பறவை. செருப்பைக் கழற்றிட்டு மெதுவா நடங்க," என்றாள் சுப்ரமணியனிடம்.

அவன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினான். இரண்டு இடத்தில் வழுக்கியது. ஒரு சிப்பி குதிகாலைக் கீறியது.

"நேரா நடங்க. ஒரு பக்கமா சாயற மாதிரி இருக்கே?"

"இல்லைங்க டீச்சர், சேறு..."

"சரி, அந்தக் கரையில போர்டு தெரியுதா? படிங்க."

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் வரியைப் படித்தான்.

"ரெண்டாவது வரி?"

"தெரியலியே."

"போகட்டும். உள்ளான் மாதிரி ஒரு விசில் அடிங்க. பதில் குரல் குடுக்கும்."

அவன் உதட்டைக் குவித்தான். வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது.

"அரே, திரும்பி வாப்பா!" என்று மாமா கரையிலிருந்து கத்தினார்.

"டீச்சர் சொல்லட்டும்," என்றான் அவன், நின்ற இடத்திலேயே.

ஒரு நிமிஷம் வடிவுக்கு மனசு இளகத்தான் செய்தது. பிறகு, வாசலில் நின்ற அப்பாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது.

"போதும், வாங்க."

சேறு சொட்ட வந்து நின்ற மகனுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு, மீனாட்சியம்மாள் தன் பையைத் திறந்தாள். மல்லிகைப்பூ, வெற்றிலை, வாழைப்பழம்.

"வீட்டுக்கு வர வேண்டாம், இங்கன வந்து பாருங்கன்னு நீ சொல்லிவிட்டப்பவே நெனச்சேன், தைரியமான புள்ளதான்னு. அவனுக்கு ஒன்னயப் பிடிச்சுப்போச்சு. எனக்கும் மனசு நெறைஞ்சிருக்கு. என்ன தாயி, பூ வச்சிரட்டுமா?"

வடிவு கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சேலைக் கொசுவத்தில் ஒட்டியிருந்த மணலை நிதானமாகத் தட்டிவிட்டாள்.

"வீட்டுக்குப் போயி லெட்டர் போடுதோம்."