கண் மூடும் நேரம்

முதலாளி கமருதீனின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. கதவருகே நின்ற பாண்டீஸ்வரி அதைக் கோபமென்றே எடுத்துக்கொண்டாள்.

மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ஏலக்காயின் அன்றைய விலை ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில், கீழே காய் பொறுக்கும் பெண்கள் நாற்பது பேரும் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள்.

நேற்று இதே அறைக்கு வந்த சந்திரவல்லி வேலைக்குத் திரும்பவில்லை. முறத்தின் மேலேயே தூங்கி விழுந்தது கேமராவில் தெரிந்துவிட்டதாம். சோத்து வாளியை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

பாண்டீஸ்வரி ஒருநாளும் தூங்கியதில்லை. ஆனால் ஒரு மாதமாக, ஒவ்வொரு முறம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறதென்று கண் டாக்டரிடம் போனபோது, கண்ணில் ஈரம் வற்றிவிட்டது என்றார். சொட்டு மருந்தோடு, அங்கிருந்த நர்சம்மா ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள். காயையே உற்றுப் பார்ப்பதில் இமைக்க மறந்துவிடுகிறதாம். அதனால் மெல்லக் கண்ணை மூடி இரண்டு எண்ண வேண்டும், லேசாக இறுக்கி இரண்டு எண்ண வேண்டும், பிறகு திறக்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. செய்யச் செய்ய உறுத்தல் குறைந்துதான் வந்தது.

சந்திரவல்லி போன பயத்தில் இன்று காலையிலிருந்து அவள் அதைச் செய்யவேயில்லை. மத்தியானத்துக்குள் மிளகாயை அப்பியதுபோல் கண் எரிந்தது. நல்ல காயும் வெடித்த காயும் ஒன்றுபோலத் தெரிய, தடவித் தடவிப் பொறுக்கினாள். அந்த நேரம் பார்த்துத்தான் மேற்பார்வை தங்கபாண்டி வந்து, முதலாளி கூப்பிடுவதாகச் சொன்னான்.

இந்த வேலை போனால் தினமும் விடியுமுன்னே மலைத் தோட்ட வேலைக்குப் போடிமெட்டுக்கு ஜீப் ஏறி, இருட்டித்தான் திரும்ப வேண்டும். எஸ்டேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் புருஷன் சுருளியை, சிலமலை வீட்டில் யார் புரட்டிப் படுக்க வைப்பது? ஒரு வாய் கஞ்சி யார் கொடுப்பது?

கமருதீன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, கேமராப் படத்தை விரலால் தொட்டார்.

"ஒரு மாசமா ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பாண்டீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கலைங்க மொதலாளி. சத்தியமாத் தூங்கல. கண்ணு காஞ்சு போச்சு, அதுக்குக் கண்ணாஸ்பத்திரில சொல்லிக் குடுத்தது. இனிமே செய்ய மாட்டேன். இன்னைக்கு ஒரு தடவகூட மூடல, நீங்களே பாத்துக்கங்க."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே மேசை இழுப்பறையை இழுத்துத் துழாவினார். சந்திரவல்லிக்கும் இப்படித்தான் கூலியை எடுத்துக் கொடுத்துக் கணக்கு முடித்திருப்பார் என்று நினைத்தவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

'டக்'கென்று மேசைமேல் ஏதோ வைக்கப்பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டு மாடத்தில் இருக்கும் அதே சொட்டு மருந்து.

"அங்கதான் எனக்கும் கண்ண மூடித் தொறக்கச் சொல்லி விட்டாக. வெலையப் பாத்தா மறந்துருது. நீ மூடுறதப் பாத்துத்தான் நானும் மூடுவேன்" என்றார் கமருதீன். "இன்னைக்கு ஏன்த்தா மூடல?"