புதுப் பல் கேட்ட கேள்வி

எஸ்தர் டீச்சர் வாயில் புதுப் பல் ஒன்று வந்து சேர்ந்தது. எலும்பில் திருகு இறக்கிப் பொருத்திய பல். டீச்சர் தினமும் கண்ணாடியில் அதையே பார்த்தாள். அதற்கென்று தனி பிரஷ்கூட வாங்கினாள்.

பக்கத்தில் நாற்பது வருஷமாக முறுக்கு அரைத்த கடைவாய்ப் பல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு டீச்சர் எதைக் குடித்தாலும் புதுப் பல் கேட்கும்: “அண்ணே, சூடா இருக்கா?”

நக்கலைப் பார் என்று பழைய பல் வாயே திறக்காது.

நமக்கும் வைத்தியம் நடக்கட்டும் என்று அது கடலைமிட்டாயை இடுக்கில் பிடித்து வைத்தது. பிரஷ் வந்தாலும் விடவில்லை. சில மாதங்களில் சொத்தை ஆழமாக இறங்கியது. டாக்டர் உள்ளே இருந்த நரம்பை எடுத்துவிட்டு, மேலே வெள்ளை வெளேரென்று கேப் மாட்டினார். டீச்சர் இப்போது கண்ணாடியில் இதைத்தான் பார்த்தாள்.

மறுநாள் டீச்சர் டம்ளரை வாயில் வைத்தாள். புதுப் பல் வழக்கம்போல் கேட்டது:

“சூடா இருக்கா அண்ணே? எனக்கு நரம்பே கிடையாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

பழைய பல் சூடு தெரிகிறதா என்று பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. விட்டுக்கொடுக்க மனசில்லை.

“நல்ல சூடு,” என்றது.

“கொடுத்துவெச்சவர் நீங்க,” என்று பெருமூச்சு விட்டது புதுப் பல்.

டீச்சர் குடித்துக்கொண்டிருந்தது ஐஸ் போட்ட மோர்.