எந்த இடம்?

"தங்கச்சியாக்கள் எந்த இடம்?"

கேள்வி காதில் விழுந்ததுமே லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாண ரவுணில் ஒரு வாத்தியக் கடை. மேசையில் இரண்டு கீபோட். ஒன்று பெட்டி பிரித்த புதுசு. மற்றது யப்பானில் இருந்து வந்த பாவித்த சாமான். கட்டைகள் மஞ்சள் பிடித்துக் கிடந்தன. இரண்டும் ஒரே விலை. அப்பா கிறகோரியின் சீட்டுக்காசுக்கு அதற்கு மேல் கட்டாது. தங்கச்சி ஜெசிதா பியானோ பழகுகிறாள். டிசம்பரில் வரும் நத்தார்ப் பூசைக்கு அவளைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பங்குச் சுவாமி.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், எந்த இடம் என்கிறார் கடைக்காரர்.

இந்தக் கேள்விக்காகக் கம்பசில் எத்தனை பேரோடு சண்டை பிடித்திருக்கிறாள் லவீனா. யாழ்ப்பாணத்தில் இடம் கேட்பது கடிதம் போடவா? சாதி அறியத்தானே. ஊரைச் சொன்னால் போதும், ஆளுக்கு எந்தக் கதிரை என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

"குரு..." என்று ஜெசிதா தொடங்க, லவீனா அவள் கையில் கிள்ளினாள்.

"கொக்குவில்," என்றாள் முந்திக்கொண்டு.

"அப்ப புதுசையே கொண்டுபோங்கோ."

படியிறங்கியதும் லவீனா வெடித்தாள். "பாத்தியோ? கொக்குவில் எண்டதும் புதுசு. குருநகர் எண்டிருந்தால் அந்தப் பழசைத்தான் எங்கடை தலையிலை கட்டியிருப்பான்."

"எங்கடை இடத்தைச் சொல்ல வெக்கமோ அக்கா?"

இது வெட்கமில்லை, எதிர்ப்பு என்று பஸ் வரும்வரை விளங்கப்படுத்தினாள்.

வீட்டில், கடல் பார்த்த யன்னலுக்குக் கீழே கீபோட்டை வைத்தார்கள்.

ஒன்பது மாதம். நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்க, நடுவில் பதினொரு கட்டைகள் ஊமையாகிவிட்டன. ஜெசிதா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்தநாள் ஜெசிதாவையும் கூட்டிக்கொண்டு, கீபோட்டைத் தூக்கியபடி கடைக்குள் ஏறினாள் லவீனா. காசு இல்லாததுகள் என்றால் எந்தக் குப்பையையும் விற்கலாமோ என்று கேட்டாள். முறைப்பாடு எழுதுவேன் என்றாள். வாசலில் சனம் கூடிவிட்டது.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, திருப்பிக் காட்டினார். உள்ளே செப்புக் கோடுகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

"இது உப்புக்காத்து அரிச்சது. கொக்குவிலுக்கு எப்ப தங்கச்சி கடல் வந்தது?"

லவீனா திரும்பவும் ஜெசிதாவின் கையில் கிள்ளினாள்.

"நாங்கள் குருநகர், அண்ணை," என்றாள் ஜெசிதா.

"அதை அண்டைக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பழசைத் தந்திருப்பன், பிள்ளை. உப்புக்காத்துக்குத் தாக்குப்பிடிக்கிறது அந்த யப்பான் சாமான்தான். கடற்கரையாக்களுக்கு நான் உந்தப் புதுசு குடுக்கிறேல்லை."

மூடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டே லவீனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வேறை என்னத்துக்கு இடம் கேட்டனான் எண்டு நினைச்சனீங்கள்?"