இரு, வர்றேன்

“விழுந்துட்டேன்! கால்ல அடி!” என்று கத்தினான் கேப்டன். இடிந்த பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் அவன் குப்புறக் கிடந்தான். எதிர்மாடி ஜன்னலிலிருந்து வந்த தோட்டாக்கள் சடசடவென்று சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்தன.

“டேய், டீ ஆறி ஆடை படிஞ்சிடுச்சு. குடிச்சிட்டுச் சாவேன்டா!” என்றாள் அக்கா, அறைக்கதவுக்கு வெளியிலிருந்து.

கேப்டன் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பகலில் அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஒருத்தன் சுவிட்சுக்குக் காவல் நிற்காமல் லிஃப்ட் குழிக்குள் காலை வைக்கமாட்டான். வேலை முடிந்து வந்து ஆடும் இந்தப் போர் விளையாட்டிலும் அதே கறார்தான்.

மூன்று பேர் அணி. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பட்டப்பெயரும் குரலும்தான் பழக்கம். கதவை உதைத்து நுழைந்தால் கேப்டனுக்கு இடது மூலை, சுள்ளானுக்கு வலது மூலை, இருவர் முதுகுக்கும் காவல், மூன்றாமவன் காக்கா. ஒருத்தன் தோட்டா மாற்றினால் அடுத்தவன் விடாமல் சுடுவான்.

யாராவது “விழுந்துட்டேன்” என்றால் மற்றவர்கள் “இரு, வர்றேன்” என்று சொல்லியே ஆகவேண்டும். வர முடியாவிட்டாலும் சொல்லவேண்டும். அது சுள்ளான் போட்ட சட்டம். “கெடக்குறவனுக்குத் தெம்பா இருக்கும்டா” என்பான்.

அந்தச் சுள்ளானே போன மாதம் சட்டத்தை மீறினான். விழுந்து கிடந்த கேப்டனைத் தாண்டி ஓடிப்போய்க் கொடியைப் பிடித்தான். ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் கேப்டனுக்கு ஆறவில்லை. “விழுந்தவனை விட்டுட்டு ஓடுற நீயெல்லாம் ஒரு கூட்டாளியாடா?” என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான்.

“நாளைக்கு வந்து பேசிக்கிறேன் கேப்டன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான் சுள்ளான். மறுநாள் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் ஆளையே காணோம். கடைசியில் மனசு கேட்காமல் கேப்டனே அவனுக்கு ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினான்.

சுள்ளான் வந்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆட்டமும் அவன் ஆட்டமாக இல்லை. சுவரில் முட்டிக்கொண்டு நின்றான், சண்டை நடக்கும்போது வானத்தைப் பார்த்தான். ஆட்டம் முடிந்து பார்த்தால், கொடுத்த தோட்டா அத்தனையும் அப்படியே இருந்தது. யாராவது விழுந்தால் மட்டும், குண்டு மழை என்றும் பாராமல் நேரே ஓடிவந்து கட்டுப்போட்டான்.

வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறான் என்று கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘நான் கூட்டாளியான்னு கேட்டேல்ல, இப்பப் பார்த்துக்கோ’ என்று ஒவ்வொரு தடவை கட்டுப்போடும்போதும் சொல்வதுபோல் இருந்தது. சனிக்கிழமை போட்டி, அவன் இடத்துக்கு வர வேறொருத்தன் தயாராக நிற்கிறான். ஆனாலும் சுள்ளான் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று கேப்டன் தினமும் ஏங்கினான். அந்தக் குரல் இல்லாமல் அவனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

“சுள்ளான், அப்படியே வராதே! முதல்ல புகைக்குண்டைப் போடு!” காக்கா அலறினான்.

சுள்ளான் காதில் வாங்கவில்லை. ஒளிய ஒரு மரம்கூட இல்லாத மைதானத்தின் நட்டநடுவே ஓடிவந்தான். கேப்டன் பக்கத்தில் மண்டியிட்டுக் காலில் கட்டுப்போட ஆரம்பித்தான். மாடி ஜன்னல் மறுபடியும் சடசடத்தது. இருவர் கதையும் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் காக்காவும் காலி.

“தோத்தாச்சு. விடு கேப்டன்” என்றான் காக்கா. “அவனுக்கு என்ன கஷ்டமோ.”

“என்ன கஷ்டம்? வேணும்னே பண்றான்!” என்றான் கேப்டன். “டேய் சுள்ளான், நான் அன்னிக்குப் பேசினது தப்புதான்டா. அதுக்காக இப்படியா பழி வாங்குவே? திட்டணும்னா திட்டித் தொலை. இப்பவும் பேசலேன்னா உன்னை அணியிலேருந்து எடுத்துடுவேன்.”

 

கேப்டன் சுள்ளான் பெயர்மேல் அம்புக்குறியை வைத்தான். ‘நீக்கவா?’ என்று கேட்டது திரை. விரல் மவுஸ்மேல் இருந்தது, அழுத்தத்தான் மனசு வரவில்லை. கண்ணில் நீர் முட்ட, திரை கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டான்.

“சரிடா. உன் இஷ்டம்” என்றான்.

அப்போதுதான் மறுமுனையில் மைக் திறந்தது. நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“எடுத்துடாதீங்க தம்பி. நான் அவன் அம்மா. எனக்கு இதுல தூக்கிவிடுற பட்டன் ஒண்ணுதான் தெரியும்.”

கேப்டன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

“அம்மா… சுள்ளான் எங்கேம்மா?”

“வண்டி அடிச்சு, உயிர் போற வரைக்கும் ரோட்டுல கூப்பிட்டுக்கிட்டே கெடந்தானாம் தம்பி… ஒருத்தர்கூட ‘இரு, வர்றேன்’னு சொல்லலப்பா.”